நண்பன் கேட்டால் கொடுத்துவிடலாமா? வாசகர் கேள்விகளுக்கு மனநல மருத்துவரின் பதில்கள்

கேள்வி: கொடைக்கானல் மேல்மலையில் பெற்றோருடன் பூண்டும் கேரட்டும் பயிரிடுகிறேன், வீட்டில் இரண்டு அறைகளைச் சுற்றுலா வருபவர்களுக்கு வாடகைக்கு விடுகிறேன். என்னோடு கல்லூரியில் படித்த மதுரை நண்பனுக்கு நான்கு ஆண்டுகளாக பைபோலார் நோய், அதாவது மனஎழுச்சியும் மனச்சோர்வும் மாறி மாறி வரும் நோய். அதற்குத் தரும் லித்தியம் மாத்திரை தன்னை மந்தமாக்குகிறது என்று சொல்லி இரண்டு மாதமாக நிறுத்திவிட்டான். மழை விட்டதும் மேலே வருவதாகவும், அதற்குள் போதைக் காளான் வாங்கி வைக்கும்படியும் கேட்கிறான். வெளிநாடுகளில் அதையே மனச்சோர்வுக்கு மருந்தாகக் கொடுக்கிறார்கள் என்று செய்திகளையும் அனுப்புகிறான். 27 வயது ஆனவனுக்குத் தன்னைப் பற்றி முடிவெடுக்க உரிமை இல்லையா? நான் கூடவே இருந்து பார்த்துக்கொண்டால் தவறா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: கொடுக்க வேண்டாம். காரணங்களுக்கு முன்னால் இதைச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் மழை விடுவதற்கு அதிக நாள் இல்லை.

உங்கள் நண்பர் அனுப்பும் செய்திகள் பொய்யல்ல. காளானில் உள்ள சைலோசைபின் என்ற பொருளை வைத்து 10 நாடுகளில் நடந்து 2022-இல் வெளியான ஆய்வில், மற்ற மருந்துகளுக்குக் கட்டுப்படாத மனச்சோர்வு கொண்ட 233 பேர் பங்கேற்றார்கள். ஒரே முறை 25 மில்லிகிராம் பெற்றவர்களுக்கு மூன்று வாரங்களில் சோர்வு, 1 மில்லிகிராம் பெற்றவர்களைவிட நன்றாகவே குறைந்திருந்தது. ஆஸ்திரேலியாவில் 2023 ஜூலை முதல் அனுமதி பெற்ற மனநல மருத்துவர்கள் அதைப் பரிந்துரைக்கலாம். ஆனால் இத்தகைய ஆய்வுகளில் யாரைச் சேர்த்தார்கள் என்பதோடு யாரைச் சேர்க்கவில்லை என்பதையும் படிக்க வேண்டும். பைபோலார் நோயோ மனச்சிதைவோ உள்ளவர்களையும், பெற்றோருக்கோ உடன்பிறந்தவர்களுக்கோ அவை இருப்பவர்களையும் பெரும்பாலான ஆய்வுகள் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுகின்றன. உங்கள் நண்பர் ஆதாரமாகக் காட்டுகிற மருத்துவர்களே அவருக்கு இதைக் கொடுத்திருக்க மாட்டார்கள்.

லித்தியத்தைத் திடீரென்று நிறுத்தினால் மேனியா எனப்படும் மனஎழுச்சி திரும்பும் அபாயமும் தற்கொலை அபாயமும் கூடும். அவர் இப்போது நிற்கும் இடமே வழுக்குப் பாறை. மறுபக்கம், வீட்டார் வற்புறுத்தலால் மாத்திரையை மறுபடி தொடங்கி, அதை உங்களிடம் சொல்லாமல் வந்தாரானால், லித்தியத்தோடு சைலோசைபின் சேர்ந்தபோது வலிப்பு வந்ததாகப் பதிவுகள் இருக்கின்றன.

உரிமையைப் பற்றிக் கேட்டீர்கள். அந்தக் கேள்வியை நான் தள்ளிவிட மாட்டேன். மனநோய் இருப்பதாலேயே ஒருவருக்கு முடிவெடுக்கும் திறன் இல்லை என்று கருதக் கூடாது என்பதை 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமே ஏற்கிறது. நோயாளிகளை அவர்கள் குடும்பத்தார் குழந்தையாக நடத்துவதைப் பார்த்து வருந்தியவள் நான். ஆயினும் தனக்கு என்ன சிகிச்சை வேண்டும் என்று தீர்மானிக்கும் உரிமை, அதைக் கொடுத்தே தீர வேண்டிய கடமையை நண்பர்மேல் சுமத்துவதில்லை. அதோடு, பைபோலார் நோயில் மனம் மேலெழும்பத் தொடங்கும் நாட்களில்தான் மாத்திரை தேவையில்லை என்ற உறுதியும் புதிதாக எதையாவது செய்துபார்க்கும் துணிச்சலும் சேர்ந்து வரும். கேட்பது உங்கள் நண்பரா, அவருடைய நோயா என்று உங்களால் பிரித்தறிய முடியுமா? பல ஆண்டுகள் இதே வேலையாக இருக்கும் எனக்கே ஒரு சந்திப்பில் அது பிடிபடாது.

'கூடவே இருந்து பார்த்துக்கொள்வேன்' என்பதை அன்பினால் எழுதியிருக்கிறீர்கள். சில ஆண்டுகளுக்கு முன், நான் பணியாற்றிய மருத்துவமனைக்கு ஓர் இளைஞரை அவருடைய இரண்டு நண்பர்கள் மலையிலிருந்து அழைத்து வந்தார்கள். முன்பே ஒரு முறை மனநோய்க்குச் சிகிச்சை பெற்றவர். அது நண்பர்களுக்கும் தெரியும். காளான் சாப்பிட்டு ஐந்து நாள் ஆகியிருந்தது, நான்கு நாளாகத் தூக்கமில்லை, கையில் இருந்த பணத்தையெல்லாம் வத்தலக்குண்டு பேருந்து நிலையத்தில் முன்பின் தெரியாதவர்களுக்குக் கொடுத்திருந்தார். அவருடைய ஒற்றைச் செருப்பைக் கையில் பிடித்தபடி நின்ற நண்பர், "ராத்திரி பூரா பக்கத்துலயேதான் இருந்தேன் டாக்டர், காலையில நல்லாத்தான் இருந்தான்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அவர் சொன்னது உண்மைதான். போதை ஆறு மணி நேரத்தில் இறங்கிவிடும்; மனஎழுச்சி அதற்குப் பின் மூன்றாம் நாளோ ஐந்தாம் நாளோ முற்றலாம். அப்போது உங்கள் நண்பர் மதுரையில் இருப்பார், நீங்கள் தோட்டத்தில் இருப்பீர்கள்.

விற்பவர் கொடுப்பது எந்தக் காளான் என்பதற்கும் யார் பொறுப்பு? சில கொடிய காளான்களின் நஞ்சு வேகவைத்தாலும் போகாது. ஆறு மணி நேரத்திற்கும் மேல் ஒன்றும் தெரியாமல் இருந்து, பின் கல்லீரலைத் தாக்கும். சட்டமும் இருக்கிறது: சைலோசைபின் 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டப் பட்டியலில் உள்ளது. நண்பனுக்காகக் காசு வாங்காமல் வைத்திருந்தாலும், வைத்திருந்தவர் நீங்கள்தான்.

மறுக்கும்போது காளானை மட்டும் மறுங்கள், அவரை மறுக்காதீர்கள். "கிடைக்கவில்லை" என்று சாக்குச் சொன்னால் வேறொருவரிடம் வாங்கிக்கொள்வார்; "உனக்கு நான் தர மாட்டேன், ஆனால் நீ வா" என்று சொல்லுங்கள். மாத்திரை மந்தமாக்குகிறது என்ற அவருடைய குறையை யாரும் காது கொடுத்துக் கேட்கவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. அது உண்மையான குறை. இரத்தத்தில் லித்தியத்தின் அளவையும் தைராய்டையும் பரிசோதித்து, அளவைக் குறைக்கலாம், மருந்தை மாற்றலாம். அதற்காக மருத்துவரிடம் அவரோடு நீங்களும் ஒரு நாள் போய் வாருங்கள்.

கேள்வி: மூன்று வாரத்திற்கு முன் என் தோழிக்குக் காளான் கொடுத்தது நான்தான். அன்றிலிருந்து, தன்னை யாரோ கண்காணிப்பதாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அவள் அக்கா என்னிடம் காரணம் கேட்கிறார். சொல்லப் பயமாக இருக்கிறது.
- வாசகி, பெருமாள்மலை

பதில்: சொல்லிவிடுங்கள், அம்மா, இன்றைக்கே. மூன்று வாரம் காத்திருந்தது போதும். இது தானாகத் தெளியும் என்று விடக்கூடிய கட்டம் தாண்டிவிட்டது. என்ன சாப்பிட்டாள், எவ்வளவு, எந்தத் தேதியில், அதற்கு முன் எப்படி இருந்தாள் என்பவை மருத்துவருக்குத் தேவை. அவற்றைச் சொல்லக்கூடியவர் நீங்கள் ஒருவர்தான். யாரோ கண்காணிப்பதாக அவள் நம்புவதை வாதாடி உடைக்கப் பார்க்காதீர்கள். இரவு தனியே விடாதீர்கள். உடனடி ஆலோசனைக்கு அரசின் டெலி மானஸ் எண் 14416-ஐ எந்த நேரத்திலும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். தன்னையோ பிறரையோ காயப்படுத்திக்கொள்ளும் நிலை தெரிந்தால் 108. அக்காவிடம் பேசும் முன், மேலே கேட்ட நான்கையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். மருத்துவமனைக்கு அந்தத் தாளையும் எடுத்துக்கொண்டு நீங்களும் போங்கள்.