கரை ரோட்டுக்கு எந்த பைக்?

தாரிலும் ஓட வேண்டும், மண்ணிலும் இறங்க வேண்டும் என்று உயரமான பைக் தேடுபவர்களின் கேள்விகள் இந்த முறை நிறைய. ஷோரூமில் டூயல் ஸ்போர்ட், அட்வென்ச்சர் என்பார்கள். கேட்டவர்கள் எல்லாரும் டெல்டாக்காரர்கள் என்பதால் பதிலும் நம் ஊர் மண்ணை வைத்துத்தான்.

கேள்வி: வயது 46. கல்லூரிக் காலத்தில் ஆர்எக்ஸ் 100 ஓட்டியவன். அப்புறம் துபாய், அங்கே கார்தான். இப்போது கூத்தாநல்லூருக்கே திரும்பி வந்துவிட்டேன். வயலுக்கு ஆற்றங்கரை வழியாக 4 கிலோமீட்டர், பாதி தார், பாதி மண். உயரம் 5 அடி 4 அங்குலம். ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 450 வாங்கச் சொல்கிறார் மச்சான். வாங்கலாமா?

பதில்: மச்சான் சொல்வது நல்ல வண்டிதான். உங்களுக்கு இப்போது வேண்டாம்.

நீங்கள் ஓட்டிய ஆர்எக்ஸ் 100 நூறு கிலோ சொச்சம். ஹிமாலயன் 450-இன் எடை 196 கிலோ. ஓடும்போது அது தெரியாது, நிறுத்தும்போதுதான் தெரியும். கரை ரோட்டில் எதிரே டிராக்டர் வருகிறது, ஓரமாக ஒதுங்கி இடது காலை ஊன்றப் பார்க்கிறீர்கள், தரை ஒரு சாண் கீழே இருக்கிறது. வண்டி அந்தப் பக்கமே சரியும். ஐப்பசி மழையில் ஊறிய கரையில் கிடக்கும் 196 கிலோவைத் தனி ஆளாக நிமிர்த்த 46 வயது இடுப்பு ஒத்துழைக்காது. போதாததற்கு வரி வேறு. 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையிலான பைக்குக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம், அதற்கு மேல் 40. இது 452 சிசி. லடாக் போவதாக இருந்தால் கணக்கு வேறு. நமக்கு மலையே கிடையாது.

ஹீரோ எக்ஸ்பல்ஸை ஓட்டிப் பாருங்கள். 200 4வி என்றால் 160 கிலோவை ஒட்டி, 210 என்றால் 168 கிலோ. சீட் உயரத்தில் பெரிய சலுகை கிடையாது, 825, 830 மி.மீ. என்றுதான் இருக்கும். இந்த வகை வண்டி எல்லாமே உயரம்தான். ஆனால் சாயும்போது பிடித்து நிறுத்திவிடலாம். 200-இல் ப்ரோ என்று ஒன்று வந்தது, அதன் சீட் 891 மி.மீ. பழைய வண்டியாகக் கண்ணில் பட்டாலும் அந்தப் பக்கம் போகாதீர்கள். எடைக்காக யாராவது கவாஸாகி கேஎல்எக்ஸ் 230-ஐச் சொல்வார்கள். 139 கிலோதான், ஆனால் சீட் 880 மி.மீ. உங்கள் உயரத்துக்கு நுனிக்கால்தான் எட்டும்.

இன்னொன்று, விளம்பரத்தில் வராத சங்கதி. நம் களிமண் ஒட்டும். சாதாரண பைக்கில் முன் மட்கார்டுக்கும் டயருக்கும் இரண்டு விரல்தான் இடைவெளி. நனைந்த கரையில் கொஞ்ச தூரம் போனாலே களி உள்ளே அடைந்து சக்கரம் சுற்றாது, இறங்கிக் குச்சியால் நோண்ட வேண்டும். எக்ஸ்பல்ஸில் மட்கார்டு டயரை விட்டு எட்ட மேலே இருக்கிறது. கிரவுண்ட் கிளியரன்ஸ், அதாவது தரைக்கும் வண்டியின் அடிப்பகுதிக்கும் இடைவெளி, 220 மி.மீ. என்பதைவிட இதுதான் டெல்டாவில் அதிகம் உதவும். சுஸுகி வி-ஸ்ட்ராம் எஸ்எக்ஸ் 167 கிலோ, நெடுஞ்சாலையில் அருமையாகப் போகும், ஆனால் மட்கார்டு டயரை ஒட்டித்தான். மாதத்தில் பாதி நாள் திருச்சி, சென்னை என்று ஓடுபவருக்கு அது.

எக்ஸ்பல்ஸில் ஒரு குறை: ட்யூப் டயர். வாய்க்கால் கரை நெடுகச் சீமைக்கருவேல முள். ட்யூப்லெஸ் என்றால் முள்ளைப் பிடுங்கி அந்த இடத்திலேயே அடைத்துவிட்டுக் கிளம்பலாம், இதில் சக்கரத்தைக் கழற்ற வேண்டும். ஒரு ட்யூப் கையில் இருக்கட்டும். மற்றபடி கிராமத்துப் பஞ்சர் கடைக்காரருக்கு ட்யூப் பழகின வேலைதான்.

லைசென்ஸையும் எடுத்துப் பாருங்கள். காலாவதியாகி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தால் வெறும் புதுப்பிப்பு போதாது, மறுபடி ஓட்டிக் காட்ட வேண்டும்.

வயலுக்குப் போவது மட்டும்தான் வேலை என்றால், டிவிஎஸ் எக்ஸ்எல்லில் உர மூட்டையோடு ஒரு பெரியவர் உங்களைத் தாண்டிப் போவார். அதற்கும் மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

கேள்வி: திருத்துறைப்பூண்டி பக்கம் கிராமங்களுக்குப் போகும் வேலை. இதுவரை ஸ்கூட்டர்தான். கியர் பைக் புதிது. உயரம் 5 அடி 1 அங்குலம். பெண்கள் ஓட்டும்படியான அட்வென்ச்சர் பைக் எது?

பதில்: பெண்களுக்கென்று தனி பைக் கிடையாதம்மா, உயரமும் பழக்கமும்தான் கணக்கு. சீட் தாழ்வாக வேண்டும் என்று தேடினால் பழைய ஹிமாலயன் 411 வந்து நிற்கும், 800 மி.மீ. ஆனால் 199 கிலோ. இந்த வகையில் தாழ்ந்ததெல்லாம் கனம், இலேசானதெல்லாம் உயரம். அதனால் முதல் வண்டியாகச் சாதாரண 100, 125 சிசி பைக் ஒன்றைப் பழையதாக வாங்கி, கிளட்ச்சும் கியரும் கைக்கு வந்த பிறகு எக்ஸ்பல்ஸில் உட்கார்ந்து பாருங்கள்.

ஸ்கூட்டர் லைசென்ஸில் கியர் இல்லாத வண்டி என்று மட்டும் போட்டிருந்தால் கியர் பைக் ஓட்டக் கூடாது. எல்எல்ஆர் எடுத்து அந்தப் பிரிவைச் சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் விபத்து நடந்தால் இன்சூரன்ஸில் தகராறு வரும்.

பழக இடம் தேடும்போது, தை மாசி அறுவடை முடிந்த வயல் காலியாகத்தான் கிடக்கிறது என்று இறக்கிவிடாதீர்கள். அறுத்த நெல் தாளுக்கு இடையில் உளுந்து முளைத்திருக்கும், வயல்காரர் சும்மா விடமாட்டார். கோயில் திடல், பள்ளி மைதானம் கேட்டுப் பாருங்கள். அப்புறம், ரோட்டில் நெல் காயப் போட்டிருக்கும் இடத்தில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் காப்பாற்றும் என்று நம்பி பிரேக்கை அழுத்த வேண்டாம். நெல்மணிமேல் டயருக்குப் பிடிப்பே இருக்காது. முன்னாடியே வேகத்தைக் குறைத்து, வண்டியைச் சாய்க்காமல் நேராகப் போங்கள்.

கேள்வி: பட்டுக்கோட்டையில் 2020 மாடல் எக்ஸ்பல்ஸ் ஒன்று மலிவாக வருகிறது. எதைப் பார்த்து வாங்குவது?

பதில்: மலிவுக்குக் காரணத்தைத் தேடுங்கள். மண்ணில் குதிக்க விட்ட வண்டியா, வெள்ளத்தில் நின்ற வண்டியா, கடன் பாக்கி வண்டியா, இந்த மூன்றில் ஒன்றாக இருக்கும்.

முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் பளபளப்பான குழாயை விரலால் தடவுங்கள். எண்ணெய் ஒட்டினால், அது கசியாமல் காக்கும் சீல் போயிருக்கிறது. முன் சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி ஹேண்டிலை மெதுவாகத் திருப்புங்கள், நடுவில் கடக்கென்று ஓரிடத்தில் உட்கார்ந்தால் ஹேண்டில் திரும்ப உதவும் பேரிங்கான கோன் செட் தேய்ந்திருக்கிறது. சக்கரத்தைச் சுற்றவிட்டு ரிம் ஆடுகிறதா பாருங்கள், ஸ்போக்குகளை ஸ்பேனரால் ஒவ்வொன்றாகத் தட்டுங்கள், தொளதொளவென்று சத்தம் வருவது தளர்ந்தது. ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்து மூலையில் விரலை விடுங்கள். வண்டல் படிந்திருந்தால் அது தண்ணீரில் மூழ்கி எழுந்த வண்டி. வாட்டர் வாஷ் அங்கே எட்டாது.

காகிதத்தில், ஆர்.சி.யில் கடன் பதிவு இருந்தால் ஃபைனான்ஸின் என்.ஓ.சி.யும் (ஆட்சேபமில்லைச் சான்று) கடன் பதிவை நீக்கும் படிவம் 35-உம் வாங்காமல் முழுப் பணம் கொடுக்காதீர்கள். பெயர் மாற்ற படிவம் 29, 30. இன்சூரன்ஸை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்றக் கேளுங்கள். விற்பவர், ‘ஓப்பனாகவே இருக்கட்டும், அப்புறம் மாற்றிக்கலாம்’ என்றால் டீ குடித்துவிட்டு வந்துவிடுங்கள்.

கேள்வி: வேதாரண்யத்தில் இருக்கிறேன். ஸ்போக் சக்கரம் துருப்பிடித்துவிடுமா?

பதில்: பிடிக்கும். உப்பளப் பக்கம் போய் வந்த அன்றே நல்ல தண்ணீரில் கழுவுங்கள், ரிம்மில் ஸ்போக்கை முறுக்கிப் பிடிக்கும் நிப்பிளும் ஸ்போக்கும் சேரும் இடத்தில் பிரஷ் போடுங்கள். போர் தண்ணீர் உவர்ப்பாக இருந்தால் அதில் கழுவுவது வீண், தெருக்குழாய்த் தண்ணீர் இரண்டு வாளி போதும். காய்ந்ததும் செயினுக்கு எண்ணெய் விடுங்கள்.