தாயின் மூளையில் புதிய செல்கள்

கேள்வி: கர்ப்ப காலத்தில் தாயின் மூளையில் புதிய செல்கள் உருவாகும் என்கிறார்களே, உண்மையா?

பதில்: சுண்டெலிகளில் உண்மை. மூளைக்குள் இருக்கும் திரவ அறைகளின் சுவரை ஒட்டி, புதிய செல்களை உருவாக்கக்கூடிய ஸ்டெம் செல்கள் உண்டு. கர்ப்பத்தில், பால் சுரக்க உதவும் புரோலாக்டின் ஹார்மோன் கூடும்போது இவை வேகமாகப் பிரிகின்றன என்று கனடாவின் கால்கரி பல்கலைக்கழகத்தின் சாமுவேல் வெய்ஸ் குழு 2003இல் காட்டியது. பிறக்கும் செல்கள் நகர்ந்துபோய், மூளையில் வாசனையை அறியும் பகுதியில் சேர்கின்றன. 2023இல் சுவிட்சர்லாந்தின் பாசெல் பல்கலைக்கழக ஆய்வு இதை இன்னும் தெளிவாக்கியது: அந்தச் செல்கள் உருவாகாமல் தடுத்தால், தாய் எலி தன் குட்டிகளை அடையாளம் காணத் தடுமாறுகிறது. குட்டிகள் பால்குடி மறந்ததும் அந்தப் புதிய செல்களில் பெரும்பாலானவை மறைந்துவிடுகின்றன. தேவைப்படும் நேரத்துக்கு மட்டும் செல்களை உருவாக்கிக்கொள்ளும் இந்த ஏற்பாடு வியக்க வைக்கிறது.

எல்லா இடத்திலும் இப்படிப் பெருகுவதில்லை. நினைவாற்றலுக்குரிய ஹிப்போகேம்பஸில், பாலூட்டும் எலிகளுக்குப் புதிய செல்கள் குறைகின்றன. அப்போது ரத்தத்தில் கூடியிருக்கும் மன அழுத்த ஹார்மோன் அதற்கு முக்கியக் காரணம்.

கேள்வி: மனிதர்களுக்கும் இது பொருந்துமா?

பதில்: அப்படியே பொருத்திப் பார்க்கக் கூடாது. எம்ஆர்ஐ ஸ்கேனில் புதிய செல்களைப் பார்க்க முடியாது. பகுதிகளின் அளவு மட்டுமே தெரியும். முதல் பிரசவத்துக்குப் பின் மூளையில் நரம்பு செல்கள் நிறைந்த சாம்பல்நிறப் பகுதியின் அளவு சற்றுக் குறைவதையும், அது குறைந்தது 2 ஆண்டுகள் நீடிப்பதையும் 2017இல் ஒரு ஆய்வு காட்டியது. பயப்பட வேண்டாம். மாற்றம் அதிகமாக இருந்த தாய்மார்களிடம் குழந்தையின் மீதான பிணைப்பும் வலுவாக இருந்தது; நினைவாற்றல் சோதனைகளில் குறை தெரியவில்லை.

கேள்வி: பிரசவத்துக்குப் பின் மறதி அதிகமாக இருக்கிறது. மூளை செல்கள் குறைந்ததாலா?

பதில்: அப்படிச் சொல்ல ஆதாரம் இல்லை. முதலில் தூக்கத்தைக் கவனியுங்கள். இரவில் ஒரு முறையாவது வேறொருவர் குழந்தையைப் பார்த்துக்கொண்டால், இடையில் எழாமல் 4 மணி நேரம் தூங்கலாம். மறதியோடு களைப்பும் தொடர்ந்தால் ஹீமோகுளோபின், தைராய்டு, வைட்டமின் பி12 பரிசோதனைகள் தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள். பிரசவத்துக்குப் பின் தைராய்டு கோளாறு பலருக்குக் கவனிக்கப்படாமலே போகிறது. 2 வாரத்துக்கு மேல் சோகமோ பதற்றமோ நீடித்தால் மனநல ஆலோசனை அவசியம். குழப்பமான பேச்சு, இல்லாத குரல்கள் கேட்பது, வலிப்பு, கடும் தலைவலியுடன் பார்வை மங்குவது ஆகியவற்றில் எது வந்தாலும் அன்றே, உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.