வளரும் நாடுகள் மருத்துவத்தில் ஒன்றுக்கொன்று உதவுவதால் பலன் உண்டா?

உண்டு. ஆனால் டாக்டரை அனுப்புவது ஒன்று, உருவாக்கித் தருவது வேறு. கியூபா இரண்டையும் செய்தது.

1998-இல் மிட்ச் புயல் மத்திய அமெரிக்காவைப் புரட்டிப்போட்டது. மறு ஆண்டே கியூபத் தலைநகர் ஹவானா அருகே, பழைய கடற்படைப் பள்ளி வளாகத்தில் லத்தீன் அமெரிக்க மருத்துவக் கல்லூரியைத் தொடங்கினார்கள். வெளிநாட்டு ஏழைப் பிள்ளைகளுக்குக் கட்டணம் கிடையாது. படித்து முடித்ததும் ஊர் திரும்பி, டாக்டர் இல்லாத இடத்தில் வைத்தியம் பார்க்க வேண்டும் என்பதுதான் பேச்சு. எனக்குப் பிடித்த ஏற்பாடு இது.

பிரேசில் கதை வேறு. 2013 முதல் ஆயிரக்கணக்கான கியூப டாக்டர்கள் அங்கே போனார்கள். சம்பளத்தில் பெரும்பங்கு கியூப அரசுக்குப் போனது (இது அநியாயம்தான்). 2018 நவம்பரில், பிரேசில் அதிபராகத் தேர்வாகியிருந்த போல்சொனாரோவுடன் உரசல். கியூபா எல்லோரையும் திரும்ப அழைத்தது. 8,000-க்கும் மேற்பட்ட இடங்கள் காலி.