பழைய டிராக்டரும் கரண்ட் கோளாறும்: வாசகர் கேள்வி-பதில்

பழைய டிராக்டர் வாங்கியவர்களின் கடிதங்கள் சேர்ந்துவிட்டன. பாதிக்கு மேல் பேட்டரி, செல்ஃப், வயரிங் பற்றியவை. பெரும்பாலும் அவற்றையே இந்த முறை எடுத்துக்கொள்கிறேன்.

ஒன்றரை வருடத்தில் இரண்டு பேட்டரி மாற்றிவிட்டேன். காலையில் சாவி போட்டால் 'டக்' என்று ஒரு சத்தம் மட்டும் வருகிறது, செல்ஃப் சுற்றவில்லை. கடைக்காரர் மூன்றாவது பேட்டரி போடச் சொல்கிறார்.
- காரிமங்கலம் வாசகர்

போடாதீர்கள். படித்ததும் வயிறு எரிந்தது. இரண்டு பேட்டரி விற்ற கடையில் ஒருவர்கூடவா மீட்டர் வைத்துப் பார்க்கவில்லை?

எனக்கும் இதே கதிதான். நான் வாங்கிய பழைய வண்டிக்கு ஒரு கடையில் அடுத்தடுத்து இரண்டு பேட்டரியைத் தலையில் கட்டினார்கள். கடைசியில் ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியன் வந்து, நெகட்டிவ் வயர் கியர்பாக்ஸில் இறங்கும் போல்ட்டைக் கழற்றிக் காட்டினார். விற்பதற்காக வண்டிக்குப் பெயின்ட் அடித்தவர்கள், அந்தப் பெயின்ட்டின் மேலேயே வயரை வைத்து முடுக்கியிருந்தார்கள். வயர் முனை பச்சையாகப் பூத்திருந்தது. உப்புத்தாள் போட்டு, இரும்பு வெள்ளையாகத் தெரியும்வரை தேய்த்து இறுக்கினார். அடுத்த சாவிக்கே வண்டி எடுத்தது. இரண்டு பேட்டரிக்குக் கொடுத்த பணம் போனது போனதுதான்.

சில நூறு ரூபாய்க்கு ஒரு மல்டிமீட்டர் வாங்குங்கள். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில், விடிந்ததும் பேட்டரியின் இரண்டு முனையிலும் வைத்துப் பாருங்கள். 12.6 வோல்ட் பக்கம் காட்டினால் முழு சார்ஜ். 12.2 என்றால் பாதிதான். அப்புறம் கியரை நியூட்ரலில் போட்டு, எஞ்சினை அணைக்கும் ஸ்டாப் நாபை இழுத்து வைத்துக்கொண்டு, ஒருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். முழு சார்ஜ் இருந்தும் 10-க்குக் கீழே சரிந்தால் பேட்டரியைச் சந்தேகப்படலாம். சரியாமல் நின்றும் செல்ஃப் சுற்றவில்லை என்றால், கரண்ட் வழியில் எங்கோ தடைபடுகிறது. மீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும், இன்னொன்றை பெயின்ட் இல்லாத எஞ்சின் இரும்பிலும் வைத்து மறுபடி செல்ஃப் அடிக்க வேண்டும். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த், அதாவது நெகட்டிவ் வயர் வண்டியின் இரும்பில் சேரும் இடம், சரியில்லை. பாசிட்டிவ் வயரையும் இப்படியே செல்ஃப் மோட்டார் வரை பார்த்துவிடுங்கள். இரண்டும் சுத்தமாக இருந்தால்தான் சோலனாய்டு (செல்ஃபுக்குக் கரண்டைத் திறந்துவிடும் சுவிட்ச்), செல்ஃப் பக்கம் போக வேண்டும். வண்டி ஓடும்போது பேட்டரியில் 13.8 முதல் 14.4 வரை வர வேண்டும். 12 சொச்சத்திலேயே நின்றால் சார்ஜ் ஏறவில்லை என்று அர்த்தம். அந்த வண்டியில் எந்தப் புது பேட்டரி போட்டாலும் இறங்கிப்போகும்.

இதற்கெல்லாம் பத்து நிமிடம் போதும். பேட்டரி விற்பவருக்கு இது தெரியாது என்றால் நான் நம்ப மாட்டேன். அளந்தால் விற்பனை போய்விடும். போதாததற்கு, உங்கள் பழைய பேட்டரியை எக்ஸ்சேஞ்சில் எடுத்துக்கொள்கிறார்கள். அது நல்ல பேட்டரிதான் என்று நிரூபிக்க நினைத்தாலும் கையில் பொருள் இருக்காது. இனிமேல் அளந்து காட்டச் சொல்லாமல் பழையதைக் கையை விட்டு விடாதீர்கள். வாரண்டி கார்டில் சீரியல் எண்ணும் தேதியும் எழுதி வாங்குங்கள். பில் தர மறுப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம்.

ஆர்.சி. புத்தகம் தொலைந்துவிட்டதாம், அதனால் விலையில் நாற்பதாயிரம் குறைக்கிறார். வாங்கலாமா?
- அரூர் வாசகர்

கூடாது.

பழைய டிராக்டர் விற்கும் கடையில் வாங்கினோம். 'வயரிங் எல்லாம் புதுசு' என்று வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பினார்கள். பன்னிரண்டாம் நாள் உழவு ஓட்டும்போது டேஷ்போர்டு அடியில் புகை. ஃபியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் செம்புக் கம்பி முறுக்கியிருக்கிறது. கேட்டால் 'பழைய வண்டி அப்படித்தான்' என்கிறார்கள். வீட்டுக்காரர் பெங்களூரில் வேலை, நான்தான் அலைகிறேன்.
- பென்னாகரம் வாசகி

அப்படியெல்லாம் இல்லை அம்மா. பழைய வண்டியில் டயர் தேய்ந்திருக்கலாம், பெயின்ட் போயிருக்கலாம். ஃபியூஸ் இடத்தில் கம்பி தானாக முளைக்காது, யாரோ கையால் முறுக்கி வைத்தது. கோளாறு வந்ததும் உருகி அறுந்து வண்டியைக் காப்பாற்றத்தான் ஃபியூஸ். கம்பி அறுவதில்லை, அதனால் வயர் காய்ந்து உறை உருகிப் புகைகிறது. நீங்கள் சீட்டில் உட்கார்ந்திருக்கும்போது தீப்பிடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

முதலில் பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றிவிடுங்கள். கம்பியை எடுக்கும் முன் கிட்டத்தில் வைத்து போட்டோ எடுங்கள். பழுது பார்ப்பவரிடம், கண்டது என்ன, செலவு எவ்வளவு என்று கையெழுத்தோடு எழுதி வாங்குங்கள். அந்தக் குரல் பதிவுதான் உங்கள் பெரிய சாட்சி, அதை அழித்துவிடாதீர்கள். கடைக்குப் பதிவுத் தபாலில் புகார் அனுப்புங்கள். பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதியுங்கள், அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போங்கள். கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை, வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. 2 வருடத்துக்குள் போக வேண்டும். 'தொழிலுக்கு வாங்கியது, கேஸ் நிற்காது' என்று மிரட்டுவார்கள். சொந்த உழைப்பில் பிழைப்பு நடத்த வாங்கியவரையும் சட்டம் நுகர்வோராகத்தான் வைத்திருக்கிறது. பயப்படாமல் போங்கள்.

கர்நாடக வண்டி. வீடியோவில் பார்த்துப் பிடித்துப்போனதால் அட்வான்ஸ் போட்டேன். சாயங்காலம் ஓட்டிக்கொண்டு வந்து கொடுத்தார்கள், மீதிப் பணத்தையும் கொடுத்துவிட்டேன். காலையில் ஸ்டார்ட் ஆகவில்லை. வீடியோவில் இருந்தது வேறு பேட்டரி.
- சூளகிரி வாசகர்

சந்தையில் மாடு பிடிக்கப் போனால் பல்லைப் பார்க்காமல் பணம் கொடுப்பீர்களா? ஓடி வந்த வண்டியை ஒரு தடவை அணைத்து, ஆறவிட்டு, திரும்ப ஸ்டார்ட் செய்து பார்க்காமல் முழுப் பணத்தையும் எண்ணிக் கொடுத்திருக்கிறீர்கள். உங்கள் ஊரிலிருந்து எல்லை எவ்வளவு தூரம்? ஒரு காலை நேரம் போய், எஞ்சினைத் தொட்டுப் பார்த்து, குளிர்ந்திருக்கும்போதே சாவி போட்டிருக்கலாமே.

வீடியோவை வைத்து விற்றவரிடம் பேசுங்கள். அவர் வியாபாரியாக இருந்தால் மேலே சொன்ன வழி உங்களுக்கும் உண்டு. அவரும் ஒரு விவசாயி, தன் வண்டியைத்தான் விற்றார் என்றால் நுகர்வோர் ஆணையம் உதவாது. அதைவிட அவசரம், படிவம் 28-இல் தடையில்லாச் சான்றும், பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30-இல் அவர் கையெழுத்தும் வாங்கினீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

சாவி போட்டால் சார்ஜிங் லைட் எரிவதே இல்லை. 'எரியாவிட்டால் நல்லதுதான்' என்கிறார் விற்கிறவர்.
- ஊத்தங்கரை வாசகர்

தவறு. சாவி போட்டதும் எரிந்து, எஞ்சின் ஓடியதும் அணைய வேண்டும். வண்டி ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுவது ஆல்டர்னேட்டர். பல ஆல்டர்னேட்டர்களில் அந்த பல்பு வழியாகப் போகும் கரண்ட்தான் சார்ஜிங்கைத் தொடங்கி வைக்கிறது. நான் முதலில் வாங்கிய வண்டியில் பல்பையே கழற்றி வைத்திருந்தார்கள். மூன்று மாதம் கழித்துத்தான் கண்டுபிடித்தேன்.

ராத்திரி நிறுத்தினால் காலைக்குள் பேட்டரி இறங்கிவிடுகிறது. பேட்டரி புதுசு.
- பாலக்கோடு வாசகர்

எல்லாவற்றையும் அணைத்து, நெகட்டிவ் வயரைக் கழற்றி, வயருக்கும் பேட்டரி முனைக்கும் நடுவில் டெஸ்ட் லேம்ப் (வயர் சேர்த்த சோதனை பல்பு) வையுங்கள். எரிந்தால் எங்கோ கரண்ட் ஒழுகுகிறது. ஒவ்வொரு ஃபியூஸாகக் கழற்றுங்கள், எதில் அணைகிறதோ அந்த லைனில் தேடுங்கள். எல்லா ஃபியூஸும் எடுத்த பிறகும் எரிந்தால் ஆல்டர்னேட்டர் வயரைக் கழற்றிப் பாருங்கள், அதற்குள் கரண்டை ஒரே பக்கம் விடும் டையோடு போயிருக்கலாம். பாட்டு செட் நேரடியாக பேட்டரியில் கொடுத்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஸ்டார்ட் ஆனபின் பேட்டரியைக் கழற்றிவிட்டு ஓட்டலாம் என்கிறார் நண்பர். டீசல் எஞ்சின் ஓடத்தானே செய்கிறது?
- ராயக்கோட்டை வாசகர்

ஓடும். ஆல்டர்னேட்டருக்கு முன்பிருந்த டைனமோ காலத்துப் பழக்கம் அது. ஆல்டர்னேட்டர் உள்ள வண்டியில் ஓட்டத்திலேயே பேட்டரி வயரைக் கழற்றினால் டையோடு கருகிவிடலாம். ராத்திரியில் தக்காளி லோடு ஏற்றிப் போகும்போது டிரெய்லரின் பின்விளக்கும் எரியாது.