கடைக்காரர் ‘செட்’ பண்ணித் தரும் பிபி வாட்ச்

கேள்வி: என் கணவர் தங்கச்சிமடத்தில் விசைப்படகில் கடலுக்குப் போகிறவர். வயது 52. பிபி மாத்திரை சாப்பிடுகிறார். துபாயில் இருக்கும் மகன் அனுப்பிய வாட்ச் 126/80 காட்டுகிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் 152/94. ராமநாதபுரத்தில் ஒரு செல்போன் கடையில் 600 ரூபாய்க்கு கேலிபரேஷன் செய்கிறார்களாம். செய்யலாமா? மாத்திரையைக் குறைக்கலாமா என்றும் கேட்கிறார்.

பதில்: மாத்திரையில் கை வைக்க வேண்டாம், சகோதரி. 600 ரூபாயையும் கொடுக்காதீர்கள்.

இந்த வாட்ச்களில் பெரும்பாலானவை ரத்த அழுத்தத்தை நேராக அளப்பதே இல்லை. தோலுக்குள் வெளிச்சம் பாய்ச்சி, நாடித்துடிப்பு ஏறி இறங்குவதைப் பார்த்து, அழுத்தம் கூடியதா குறைந்ததா என்று கணக்குப் போடுகின்றன. எந்த எண்ணிலிருந்து கூடியது என்பதை நாம்தான் சொல்ல வேண்டும். மேல்கையில் பட்டை கட்டி அளக்கும் மெஷினில் பார்த்து அந்த எண்ணைப் பதிவதுதான் கேலிபரேஷன். கையில் பட்டையே கட்டாத கடைக்காரர் என்ன செய்வார்? வயதைக் கேட்டுவிட்டு 120/80 என்று தட்டிவிடுவார். அப்புறம் வாட்ச் அதையொட்டியே பாடிக்கொண்டிருக்கும். உங்கள் கணவருக்கு நிம்மதி, கடைக்காரருக்கு 600 ரூபாய். தொடக்க எண்ணே கேட்காத மலிவு வாட்ச் இன்னும் மோசம். சிலவற்றை வாழைப்பழத்தில் கட்டினாலும் நாடித்துடிப்பு காட்டும்.

2021 ஜனவரியிலிருந்து பிபி மெஷின்கள் மருந்துச் சட்டத்துக்குள் வந்துவிட்டன. ஆனால் வாட்ச் பெட்டியின் முன்னால் ‘பிபி’ என்று கொட்டை எழுத்து, பின்னால் எறும்பு எழுத்தில் ‘மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல’. அந்த ஒரு வரியில் தப்பித்துக்கொள்கிறார்கள். செல்போன் கடைக்குள் எந்த ஆய்வாளர் நுழைகிறார்?

சரி, வீட்டிலேயே செய்யலாம். மேல்கை மெஷின் ஒன்று வாங்குங்கள். வாங்கும்போது பட்டையின் அளவைப் பாருங்கள். கூடவே வருவது பல நேரம் 22 முதல் 32 செ.மீ. சுற்றளவுள்ள கைக்குத்தான். வலை இழுத்து உருண்ட கைக்கு அது பற்றாமல் போகலாம். சின்னப் பட்டை பிபியைக் கூட்டிக் காட்டும். சுகாதார நிலையத்து 152-இல் கொஞ்சம் அதனாலும் இருக்கலாம். அதற்காக வாட்ச் சொன்னது சரி என்று ஆகிவிடாது.

கடலிலிருந்து திரும்பிய அன்று வேண்டாம், தூக்கம் கெட்ட உடம்பு. கரையில் இருக்கும் நாளில், காலையில், டீ, பீடி, மாத்திரை எல்லாவற்றுக்கும் முன்னால், முதுகைச் சாய்த்து ஐந்து நிமிடம் பேசாமல் உட்காரட்டும். பிறகு அளந்து பதியுங்கள். கேலக்ஸி வாட்ச் என்றால் மூன்று முறை அளக்கச் சொல்லும், 28 நாளுக்கு ஒருமுறை மறுபடி கேட்கும். மற்றவற்றில் அதனதன் ஆப் சொல்கிறபடி.

ஒரு விதிவிலக்கு உண்டு. பட்டையே காற்றடைத்து மணிக்கட்டை இறுக்கும் வாட்ச்கள் சில இருக்கின்றன. ஹுவாவே வாட்ச் டி அந்த வகை. அவை நிஜமாகவே அழுத்தத்தை அளப்பவை. உங்களுடையது அந்த ரகமா என்று அறிய, அளக்கும்போது கை இறுகுகிறதா என்று அவரையே கேளுங்கள். லேசாக அதிர்வது வைப்ரேஷன், அது கணக்கில்லை; பட்டை உப்ப வேண்டும். உப்பினாலும் மணிக்கட்டு நெஞ்சு உயரத்தில் இருந்தால்தான் எண் சரியாக வரும். 10 செ.மீ. கீழே இறங்கினாலே 7, 8 புள்ளி கூடும். தொடையில் கையை வைத்துக்கொண்டு பார்த்துவிட்டு வாட்சைத் திட்டக் கூடாது.

மாத்திரை விஷயத்துக்கு மேல்கை மெஷின் எண்கள் மட்டும்தான் பேச வேண்டும். ஏழு நாள், காலையில் இரண்டு முறை, மாலையில் இரண்டு முறை பார்த்து நோட்டில் எழுதுங்கள். மக்களைத் தேடி மருத்துவம் பணியாளர் வந்தால் அவர் மெஷினிலும் ஒருமுறை ஒப்பிடுங்கள். முதல் நாளை விட்டுவிட்டு மற்ற நாள்களின் சராசரி 135/85-ஐத் தொட்டால் பிபி இன்னும் கட்டுக்குள் வரவில்லை. குறைவாக இருந்தாலும் நோட்டை டாக்டரிடம் காட்டி அவர்தான் முடிவு சொல்ல வேண்டும். 180/120-ஐத் தாண்டி, நெஞ்சுவலியோ பேச்சுக் குழறலோ இருந்தால் நோட்டைத் தேடாமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.