லைவ்வெல்லில் மீன் ஏன் மல்லாந்துவிடுகிறது? – வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: டெக்சாஸில் பாஸ் என்ற நன்னீர் மீன் பிடிக்க 16 அடி அலுமினியப் படகு வைத்திருக்கிறேன். பிடித்த மீனை உயிரோடு வைக்கும் தொட்டி, அதாவது லைவ்வெல், 18 காலன் என்று சொல்லித்தான் விற்றார்கள். மார்ச்சில் ஒரு மீன்கூடச் சாகவில்லை. ஜூலைப் போட்டிகளில் மட்டும் எடை போடுவதற்குள் ஒன்றிரண்டு மல்லாந்துவிடுகின்றன. பெரிய தொட்டி வைத்தால் சரியாகிவிடுமா?

பதில்: தொட்டியைப் பெயர்க்க அவசரப்படாதீர்கள். உட்புற நீளம், அகலம், உயரத்தை அங்குலத்தில் அளந்து பெருக்கி, 231-ஆல் வகுத்தால் காலன் கணக்கு கிடைக்கும். உயரத்தை மூடிவரை அளக்கக் கூடாது. உபரி நீர் வழியும் துளைவரைதான். 28 × 14 × 11 என்றால் 18.7 காலன். துளை 9 அங்குலத்தில் இருந்தால் உண்மையில் நிற்பது 15.3தான். விற்பவர்கள் சொல்வது பெரும்பாலும் முதல் கணக்கு. பவுண்டு மீனுக்கு ஒரு காலன் என்பது பாஸ் பிடிப்பவர்களின் பழைய அளவுகோல். தலா மூன்று பவுண்டில் ஐந்து மீன் விழுந்தால் உங்கள் தொட்டிக்கு மிச்சம் ஒன்றும் இல்லை.

ஆனாலும் மார்ச்சில் பிழைத்தது ஜூலையில் சாகிறது என்றால் குற்றவாளி வெப்பம். 68 டிகிரி பாரன்ஹீட் நீரில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 86 டிகிரியில் 7.6தான். மீனுக்கோ சூட்டில்தான் தேவை அதிகம். 5 மில்லிகிராமுக்குக் கீழே போனால் ஆபத்து. மீன் நிறைந்த தொட்டியில், ஏரி நீரை உள்ளே இறைக்கும் பம்ப் நின்றால் அந்த நிலைக்கு வரச் சில நிமிடங்கள் போதும். பம்பை விட்டுவிட்டு ஓடவைக்கும் டைமரைக் கோடையில் பயன்படுத்தாதீர்கள். முதல் மீன் விழுந்ததிலிருந்து பம்ப் ஓடிக்கொண்டே இருக்கட்டும்.

இன்னொன்று, படகு வேகமெடுத்து முன்பக்கம் தூக்கும்போது பின்பலகையில் இருக்கும் உறிஞ்சுவாய் தண்ணீரை விட்டு மேலே வரலாம். பம்ப் காற்றைத்தான் இழுக்கும், தொட்டிக்கு எதுவும் வராது. கிளம்பும் முன் வடிகாலை மூடி, உள்நீரையே சுற்றவிடும் ரீசர்குலேஷன் பம்புக்கு மாற்றுங்கள். நின்றபிறகு நிரப்பும் பம்ப் உறுமுகிறது, தண்ணீர் வரவில்லை என்றால் குழாயில் காற்று அடைத்திருக்கிறது. ரிவர்ஸில் ஒரு சிறு உந்தல் கொடுத்தால் பெரும்பாலும் விலகும்.

சுற்றும் அதே தண்ணீரில் அமோனியாவும் சேரும். இரண்டு, மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியை வடித்துப் புதிதாக நிரப்புங்கள்.

கேள்வி: ஐஸ் எவ்வளவு போடலாம்? உப்பும் வேண்டுமா?

பதில்: அரை காலன் பாட்டிலில் தண்ணீரை உறையவைத்து, மூடியோடு அப்படியே போடுங்கள். முழுதும் உருகினால் 15 காலன் நீர் சுமார் 6 டிகிரி குறையும். ஏரி நீரைவிட 10 டிகிரிக்கு மேல் குளிரவிடக் கூடாது. திரும்ப விடும்போது அந்த அதிர்ச்சியே கொன்றுவிடும். கட்டி ஐஸை நேரடியாகக் கொட்டினால் குழாய் நீரின் குளோரின் செவுளைப் பதம் பார்க்கும். நிரப்பும் பம்ப் ஓடும்போது ஐஸ் போட்டுப் பயனில்லை, குளிர்ந்த நீரெல்லாம் துளை வழியே ஏரிக்குப் போய்விடும்.

உப்பு, லிட்டருக்கு 3 கிராம். 15 காலனுக்கு 170 கிராம், ஏறத்தாழ முக்கால் கப்புக்குச் சற்றுக் குறைவு. எதுவும் கலக்காத கல்லுப்பே போதும். பாதி நீரை மாற்றினால் பாதி உப்பைத் திரும்பப் போடுங்கள். ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றும் வழக்கம் சிலரிடம் இருக்கிறது. கை சற்றுக் கூடினால் செவுள் வெந்துவிடும், வேண்டாம்.

கேள்வி: செத்த மீனும் அதே எடைதானே, எதற்கு இவ்வளவு பாடு?

பதில்: எடை அதேதான், புள்ளி அதே அல்ல. பாஸ்மாஸ்டர் என்ற அமெரிக்க பாஸ் மீன்பிடிப் போட்டிகளில் செத்த மீன் ஒவ்வொன்றுக்கும் 4 அவுன்ஸ் கழிப்பார்கள். பிடித்ததை உயிரோடு விடும் வழக்கத்தை அந்தப் போட்டிகளைத் தொடங்கிய ரே ஸ்காட் 1972-இல் அவற்றில் புகுத்தினார். லைவ்வெல் இவ்வளவு முக்கியமானதே அதற்குப் பிறகுதான்.

கேள்வி: நாள் முழுக்க பம்ப் ஓடினால் எஞ்சின் ஸ்டார்ட் ஆகுமா?

பதில்: 500 ஜிபிஹெச் (மணிக்கு 500 காலன் இறைக்கும்) பம்ப் சுமார் 2 ஆம்ப் இழுக்கும். எட்டு மணி நேரத்துக்கு 16 ஆம்ப்-அவர். நல்ல நிலையில் உள்ள 70 ஆம்ப்-அவர் பேட்டரிக்கு இது பாரமில்லை; பழைய பேட்டரியை நம்பாதீர்கள். பம்ப் மந்தமாக ஓடினால் புதிது வாங்கும் முன், ஓடும்போதே அதன் முனையில் மல்டிமீட்டர் வையுங்கள். பேட்டரியில் 12.5, பம்பில் 11 என்று காட்டினால் வழியில் எங்கோ ஒரு கம்பி இணைப்பு அரித்துப் பச்சை பூத்திருக்கிறது. பெரும்பாலும் அது தொட்டிக்கு அடியில் ஈரத்தில் கிடக்கும் இணைப்புதான். வெட்டி, வெப்பத்தில் சுருங்கும் உறை போட்டு இணைத்துவிடுங்கள்.