நரம்பு ஊசியை வீட்டிலேயே போட்டுக்கொள்ளலாமா?

கேள்வி: அம்மாவுக்குத் தொடை எலும்பு முறிந்து தஞ்சாவூரில் பிளேட் வைத்தார்கள். கொஞ்ச நாளில் தையல் ஓரத்தில் சீழ் வந்தது. திறந்து கழுவிவிட்டு, இன்னும் 4 வாரம் தினமும் நரம்பில் செஃப்ட்ரியாக்ஸோன் என்ற ஆன்டிபயாடிக் ஊசி போட வேண்டும் என்கிறார்கள். நாங்கள் திருத்துறைப்பூண்டி பக்கம், தினமும் போய்வர முடியாது. எங்கள் ஊரில் ஊசி போடும் ஒருவர் வீட்டுக்கே வந்து போடுவதாகச் சொல்கிறார். சரிதானா?

பதில்: வீட்டில் போடலாம். அந்த ஆளிடம் வேண்டாம்.

செஃப்ட்ரியாக்ஸோன் பெரும்பாலும் நாளுக்கு ஒரு தடவைதான். அதனால் ஊரில் இருந்தபடியே போட்டுக்கொள்ளத் தோதான மருந்து. முதல் சில டோஸ்கள் ஆஸ்பத்திரியில் ஒத்துக்கொண்ட பிறகு, பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலோ பயிற்சி பெற்ற செவிலியரிடமோ தொடரலாம். கையில் குத்தும் சின்ன ஊசிக்குழாயான வென்ஃப்ளான் வைத்த இடம் மூன்று நான்கு நாளில் வீங்கிவிடும். 4 வாரத்துக்கு என்றால் மேல்கையில் வைக்கும், வாரக்கணக்கில் தாங்கும் நீளக் குழாயான பிக் லைன் பற்றி டாக்டரிடம் கேளுங்கள். வாரம் ஒரு முறை ரத்தப் பரிசோதனை கட்டாயம்.

இப்போது அந்த ஆள். இப்படிப்பட்டவர்கள் ஊசியோடு டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டையும் சேர்த்துப் போட்டுவிடுவார்கள். மறுநாளே காய்ச்சலும் வலியும் குறையும், "கைராசிக்காரர்" என்று பெயர் வரும். அதே சமயம் சர்க்கரை எகிறும், பிளேட்டைச் சுற்றிச் சீழ் சத்தமில்லாமல் வளரும். "காய்ச்சல்தான் விட்டுடுச்சே, போதும்" என்று பத்தாம் நாளே நிறுத்தச் சொல்வதும் இவர்கள்தான். தெம்புக்கு என்று ஒரு பாட்டில் ஏற்றி, அதே குழாயில் இந்த மருந்தையும் விடுவார்கள். கால்சியம் உள்ள ரிங்கர் லாக்டேட் பாட்டிலோடு செஃப்ட்ரியாக்ஸோன் சேரவே கூடாது, உறைந்து படியும். செஃப்ட்ரியாக்ஸோனைச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது, வாங்கியவர் பெயரைப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்று 2014 முதல் விதி இருக்கிறது. எத்தனை கடைகளில் அந்த நோட்டைத் திறக்கிறார்கள்?

மாத்திரையாக மாற்ற முடியுமா என்றும் கேட்டுப் பாருங்கள். எலும்பு, மூட்டுத் தொற்று உள்ள ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் பிரிட்டனில் செய்த ஆய்வு 2019இல் வந்தது. முதல் ஆறு வாரத்தில் மாத்திரை கொடுத்தவர்களுக்கும் நரம்பு ஊசிக்குக் குறையாத பலன் கிடைத்தது. ஆனால் ஒன்று. சீழை கல்ச்சருக்கு அனுப்பிக் கிருமி எதுவென்று தெரிந்திருக்க வேண்டும். அந்தக் கிருமியைக் கொல்லும் மாத்திரையும் இருக்க வேண்டும். கல்ச்சர் எடுக்கவில்லை என்றால் இந்தப் பேச்சே இல்லை. கிருமி தெரிந்து அதற்கு மாத்திரை இல்லை என்றாலும் இல்லை. மெடிக்கலில் கேட்டு வாங்கும் மாத்திரை இதில் சேராது. அந்த கல்ச்சர் ரிப்போர்ட்டின் நகலை இன்றைக்கே வாங்கி வையுங்கள்.

படுக்கையில் கிடந்தால் காப்பீடு, வீட்டில் போட்டால் பெரும்பாலும் கைக்காசு. இதனால்தான் தேவையில்லாமல் வாரக்கணக்கில் வார்டில் கிடக்கிறார்கள், இல்லாவிட்டால் இந்த மாதிரி ஆட்களிடம் போகிறார்கள். 2021 முதல் அரசுத் திட்டத்தில் பிரஷர், சுகர் மாத்திரை வீடு தேடி வருகிறது. ஊசிக்கு ஒரு செவிலியரை அனுப்புவது அவ்வளவு பெரிய காரியமா?

ஊசி போட்டதும் மூச்சுத் திணறினாலோ, முகம் வீங்கினாலோ, உடம்பெல்லாம் தடித்தாலோ உடனே 108. இந்த அலர்ஜிக்கு முதலுதவியான அட்ரினலின் ஊசி இல்லாத இடத்தில் ஊசியே வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை யார் போடுவார்கள் என்பதை டிஸ்சார்ஜுக்கு முன்பே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.